வயது கேட்டால் ‘இருபது’ என்று தட்டினால்? கன்சோல் புரோகிராமில் உள்ளீட்டைச் சரிபார்க்கும் முறை

கேள்வி சுருக்கமாக இதுதான். பைத்தான் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், பெயர், வயது, மதிப்பெண் மூன்றையும் கேட்டு வாங்கி ஒரு வரியில் அச்சிடும் சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறார். வயது கேட்கும் இடத்தில் யாராவது எழுத்தைத் தட்டினால் புரோகிராம் பிழைச்செய்தியைக் கொட்டிவிட்டு நின்றுபோகிறது. எல்லாம் இலக்கங்களா என்று பார்க்கும் இஸ்டிஜிட், எல்லாம் எழுத்துகளா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா இரண்டையும் வைத்துச் சரிபார்க்கும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தபிறகு ‘கமலா’ என்ற நல்ல பெயரையே தவறு என்கிறதாம். எப்படித்தான் சரிபார்ப்பது?

முதலில் ஒரு விஷயம். இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்கைத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையைத்தான், திருப்பித் தரும். பயனர் 25 என்று தட்டினாலும் உங்களுக்கு வந்து சேர்வது 2, 5 என்ற இரண்டு எழுத்துகள். அதை எண்ணாக மாற்றுவது இன்ட்டின் வேலை. ஆகவே வயதைச் சரிபார்ப்பதில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. தட்டியதை எண்ணாகப் படிக்க முடிகிறதா? படித்த எண் வயதாக இருக்க முடியுமா? ‘இருபது’ என்று எழுத்தில் தட்டினால் முதல் கேள்வியிலேயே தோற்கும். 900 என்று தட்டினால் முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்கும். தொடக்கநிலைப் புரோகிராம்களில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒரே இஃப் வரியில் திணிக்கப் பார்ப்பதால் வருவது.

இப்போது இஸ்டிஜிட்டுக்கு வருவோம். ‘எல்லாமே இலக்கங்களா?’ என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்ட் எதை ஏற்கும் என்பதும் இஸ்டிஜிட் எதை ஏற்கும் என்பதும் ஒன்றல்ல. வெப்பநிலை கேட்கிறீர்கள், பயனர் -5 என்கிறார். முன்னால் இருக்கும் கழித்தல் குறி இலக்கம் இல்லை என்பதால் இஸ்டிஜிட் மறுத்துவிடும். இன்ட் சிக்கலில்லாமல் வாங்கிக்கொள்ளும். 25க்கு முன்னால் தவறி ஓர் இடைவெளி விழுந்தாலும் இதே கதைதான். தலைகீழாகவும் நடக்கும்: சதுரமீட்டர் என்று எழுதும்போது மேலே சின்னதாகப் போடுகிறோமே, அந்த ² குறியை இஸ்டிஜிட் இலக்கம் என்று ஒப்புக்கொள்ளும், இன்ட் ஏற்காது. சரிபார்த்துவிட்டோம் என்று நம்பி அடுத்த வரிக்குப் போனால் அங்கே புரோகிராம் விழும்.

இன்னொன்றும் சொல்கிறேன், தமிழர்களுக்கு இது பிடிக்கும். தமிழ் இலக்கங்களில் ௨௫ என்று தட்டினால் பைத்தான் 3-இன் இன்ட் அதை 25 என்றே படிக்கும். யூனிகோடில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்களாகவே குறிக்கப்பட்டிருப்பதால் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. பத்துக்கான பழைய குறி ௰ மட்டும் அந்த வகையில் வராது, அதைக் கொடுத்தால் மறுத்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் வழி எளிது. எண்ணாக மாறுமா என்று நாமாக எழுத்துகளை ஆராய வேண்டாம். மாற்றிப் பார்ப்போம். மாறினால் மாறியது, மாறாவிட்டால் இன்ட்டே வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பிச் சொல்லிவிடும், நாம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கீழே அதன் வடிவம். பைத்தானின் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எண், உரை போன்ற பெயர்களைத் தமிழிலேயே விடலாம், பைத்தான் 3 அவற்றை அப்படியே ஏற்கும்.

டெஃப் முழுஎண்_கேள்(கேள்வி, கீழ்எல்லை, மேல்எல்லை):
    வைல் ட்ரூ:
        உரை = இன்புட்(கேள்வி)
        ட்ரை:
            எண் = இன்ட்(உரை)
        எக்ஸெப்ட் வேல்யூஎரர்:
            பிரிண்ட்("எண்ணாகத் தட்டுங்கள், எடுத்துக்காட்டாக 25")
            கன்டினியூ
        இஃப் கீழ்எல்லை <= எண் <= மேல்எல்லை:
            ரிட்டர்ன் எண்
        பிரிண்ட்(கீழ்எல்லை, "முதல்", மேல்எல்லை, "வரை இருக்க வேண்டும்")

வயது = முழுஎண்_கேள்("உங்கள் வயது: ", 0, 130)

இதில் சில இடங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். ட்ரைக்குள் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அது வேண்டுமென்றே அப்படி வைத்தது. பலர் மொத்த புரோகிராமையும் ட்ரைக்குள் போட்டுவிடுவார்கள். அப்புறம் கீழே எங்கோ வேறு காரணத்தால் வேல்யூஎரர் வந்தாலும் ‘எண்ணாகத் தட்டுங்கள்’ என்றே திரையில் வரும். பயனர் சரியாகத்தான் தட்டியிருப்பார், பிழை உங்கள் கணக்கில் இருக்கும், செய்தியோ அவரைக் குறை சொல்லும். எந்த வரி தோற்கலாம் என்று தெரிகிறதோ அந்த வரியை மட்டும் ட்ரைக்குள் வையுங்கள்.

அடுத்து, எக்ஸெப்டுக்குப் பக்கத்தில் வேல்யூஎரர் என்று பெயர் சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லாமல் வெறும் எக்ஸெப்ட் போட்டால் அது எல்லாவற்றையும் விழுங்கும். புரோகிராமை நிறுத்த காண்ட்ரோல் சி அழுத்துகிறோமே, அது எழுப்பும் கீபோர்டுஇன்டரப்ட்டும் அதில் அடக்கம். இன்புட்டும் ட்ரைக்குள் இருந்தால் விளைவு: பயனர் வெளியேற அழுத்துகிறார், புரோகிராம் ‘எண்ணாகத் தட்டுங்கள்’ என்று மறுபடி கேட்கிறது. டெர்மினல் சன்னலையே மூடினால்தான் விடுதலை. வெறும் எக்ஸெப்டைத் தொடக்கத்திலிருந்தே பழக்கத்தில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, லூப். தவறு வந்தால் அதே ஃபங்ஷனை அதற்குள்ளிருந்தே மறுபடி அழைப்பது பலருக்கு முதலில் தோன்றும் வழி. அழைத்துவிட்டு ரிட்டர்ன் போட மறந்துவிடுவார்கள். முதல் முறை தவறாகவும் இரண்டாம் முறை சரியாகவும் தட்டினால் வயது என்ற மாறிக்குள் எண்ணுக்குப் பதில் ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் நன் வந்து உட்கார்ந்திருக்கும். முதல் முறையே சரியாகத் தட்டிச் சோதிப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. ரிட்டர்ன் போட்டிருந்தாலும், மறுபடி மறுபடி தவறாகத் தட்டிக்கொண்டே இருந்தால் அழைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வழக்கமான வரம்பான 1000-ஐ நெருங்கும்போது ரிகர்ஷன்எரர் வரும். கேட்டுக்கொண்டே இருக்கும் வேலைக்கு வைல் லூப்தான் பொருத்தம்.

பிழைச்செய்தியையும் கவனியுங்கள். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் வந்தால் பயனருக்கு என்ன புரியும்? 25.0 என்று தட்டியவருக்குத் தான் செய்த தவறு என்ன என்றே தெரியாது. புள்ளி இருந்தால் இன்ட் ஸ்ட்ரிங்கை ஏற்காது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. என்ன தட்டினால் ஏற்கப்படும் என்பதைச் சொல்லி ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள். எல்லை இருந்தால் அதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

மதிப்பெண்ணில் பின்னம் வரலாம், அதற்கு ஃப்ளோட். வடிவம் அதேதான், ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. என், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஃப்ளோட் அதை மறுக்காது. ‘எண் அல்லாதது’ என்ற பொருளில் மிதவைப்புள்ளிக் கணக்கில் உள்ள ஒரு தனி மதிப்பு அது. பெரியது சிறியது என்று எதனோடு ஒப்பிட்டாலும் பொய் என்றே வரும். நீங்கள் ‘மதிப்பெண் 0-ஐவிடக் குறைவாகவோ 100-ஐவிட அதிகமாகவோ இருந்தால் மறு’ என்று எழுதியிருந்தால், இரண்டு நிபந்தனையும் பொய்யாகி இந்த மதிப்பு நேராக உள்ளே போய்விடும். பிறகு சராசரி போட்டால் மொத்த வகுப்பின் சராசரியும் அதுவாகவே மாறும். ‘0 முதல் 100 வரை இருந்தால் ஏற்றுக்கொள்’ என்று நேர்மறையாக எழுதினால் அதே மதிப்பு தானாக வெளியே நின்றுவிடும். மேலே உள்ள ஃபங்ஷனில் நிபந்தனையை அப்படி எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். எதை மறுப்பது என்று பட்டியலிட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எதை ஏற்பது என்று சொல்லிவிட்டால் மீதியெல்லாம் வெளியில்தான்.

பணம் கேட்கும் புரோகிராமானால் ஃப்ளோட்டைவிட டெசிமல் நல்லது, 0.1-உம் 0.2-உம் கூட்டினால் சரியாக 0.3 வராத தொல்லை அங்கே இல்லை. ஆனால் டெசிமல் தவறான உரைக்கு வேல்யூஎரர் எழுப்பாது. இன்வேலிட்ஆப்பரேஷன் என்ற வேறொன்றை எழுப்பும். அதை அந்த மாட்யூலிலிருந்து இம்போர்ட் செய்து பெயர் சொல்லிப் பிடிக்க வேண்டும்.

இனி பெயருக்கு வருவோம். தமிழ்ப் பயனர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இஸ்ஆல்ஃபா ஒவ்வொரு குறியையும் எடுத்து ‘இது எழுத்து வகையா?’ என்று யூனிகோடிடம் கேட்கும். ‘கமலா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியில் அது நான்கு குறிகள்: க, ம, ல, பிறகு தனியாக ஒரு துணைக்கால். முதல் மூன்றும் எழுத்து வகை. துணைக்கால் ‘சேர்க்கைக் குறி’ என்ற வேறு வகை. ஆகவே ‘கமல’ என்றால் இஸ்ஆல்ஃபாவில் தேறும், ‘கமலா’ என்றால் தேறாது. கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். இப்படிப்பட்ட குறி ஒன்றாவது இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இஸ்ஆல்ஃபாவை நம்பினால் நம் பெயர்களில் ஏறக்குறைய எல்லாமே வாசலிலேயே திரும்பிவிடும்.

உரையின் வடிவத்தை ஒரு மாதிரியோடு பொருத்திப் பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சொல்லெழுத்து என்ற பொருளில் பின்சாய்வுக்கோட்டோடு டபிள்யூ போடுவார்கள். பைத்தானின் ஆர்இ மாட்யூலில் அதுவும் துணைக்காலையும் புள்ளியையும் ஏற்காது. ஏ முதல் இசட் வரை என்று எழுதினால் தமிழே கிடையாது, பிரெஞ்சுக்காரர்களின் உச்சரிப்புக் குறி போட்ட எழுத்துகளும் கிடையாது.

நீளத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. ‘தமிழ்’ என்பதன் நீளத்தை லென் 5 என்று சொல்லும். ‘பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று வைத்தால் ஏழு எழுத்துத் தமிழ்ப் பெயர்கூட வரம்பைத் தாண்டலாம். வரம்பு தேவைதான் என்றால் 100 போலத் தாராளமாக வையுங்கள்.

சரி, பெயரை எப்படித்தான் சரிபார்ப்பது? உங்கள் புரோகிராம் அந்தப் பெயரை வைத்து என்ன செய்யப்போகிறது என்று பாருங்கள். ‘வணக்கம், கமலா’ என்று அச்சிடுகிறது, அவ்வளவுதானே? அப்படியானால் பெயர் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர உங்களுக்கு வேறு தேவையே இல்லை. ஸ்ட்ரிப் போட்டு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்குங்கள், மிச்சம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் முக்கியம். ஸ்பேஸ்பாரை நான்கு தடவை தட்டி என்டர் அடித்தால் அது வெறுமையான ஸ்ட்ரிங் இல்லை என்பதால், ஸ்ட்ரிப் செய்யாமல் பார்த்தால் பெயர் இருப்பதாகவே தெரியும்.

எஸ். கமலா என்று இனிஷியலோடு தட்டுவார்கள், அதில் புள்ளியும் இடைவெளியும் இருக்கும். நடுவில் கோடு வைத்த பெயர்கள், மேற்கோள் குறி வைத்த பெயர்கள் எல்லாம் உலகில் உண்டு. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டையும் கட்டாயமாக்குவதையும் தவிர்க்கலாம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒற்றை எழுத்து இனிஷியலைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் ‘குறைந்தது 2 எழுத்து வேண்டும்’ என்று திருப்பி அனுப்பும் படிவங்களை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அந்த எரிச்சலை நம் புரோகிராமும் யாருக்கும் தர வேண்டாம்.

பாடப் பயிற்சியில் ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே’ என்று கட்டாயமாகக் கேட்டிருந்தால் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் இருக்கிறது, பைத்தானோடே வரும். அதிலுள்ள கேட்டகரி ஒவ்வொரு குறியின் வகையையும் சொல்லும். வகைப்பெயர் எல்லில் தொடங்கினால் எழுத்து, எம்மில் தொடங்கினால் சேர்க்கைக் குறி. இந்த இரண்டோடு இடைவெளி, புள்ளி, சிறுகோடு, மேற்கோள் குறி ஆகியவற்றையும் அனுமதித்தால் கமலாவும் தேறுவார், இலக்கம் கலந்தது நின்றுவிடும்.

பெயரை இன்னொரு பெயரோடு ஒப்பிட வேண்டியிருந்தால், உதாரணமாக ஏற்கெனவே பதிவானவரா என்று தேடினால், அங்கே மட்டும் கூடுதல் கவனம் தேவை. ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாகவோ, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொய் வரும். எந்த விசைப்பலகையில், எந்த ஃபோனில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். அதே யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு அழைத்து இரண்டு பக்கத்தையும் மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆம், இல்லை என்று கேட்கும் இடத்தில் அதிகம் பார்க்கும் பிழை வேறு. ‘விடை ஒய்இஎஸ் அல்லது ஒய் ஆக இருந்தால்’ என்பதை அப்படியே ‘இஃப் விடை == "யெஸ்" ஆர் "ஒய்"’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆருக்குப் பிறகு இருக்கும் "ஒய்" வெறுமையில்லாத ஸ்ட்ரிங். பைத்தான் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். கேள்வி ‘கோப்பை அழிக்கவா?’ என்றிருந்தால், பயனர் ‘இல்லை’ என்றாலும் கோப்பு அழிக்கப்படும். ஏற்கக்கூடிய விடைகளை ஒரு டியூப்பிளில் போட்டு, விடை அதற்குள் இருக்கிறதா என்று இன் வைத்துக் கேளுங்கள். ஸ்ட்ரிப், லோயர் இரண்டையும் முதலில் போட்டுவிட்டால் பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தகராறும் வராது. ஆம் பட்டியலில் இல்லாததையெல்லாம் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இல்லை பட்டியலும் தனியாக இருக்கட்டும். இரண்டிலும் இல்லாவிட்டால் மறுபடி கேளுங்கள்.

தேதிக்கும் அதே ட்ரை வழிதான். டேட்டைமின் எஸ்டிஆர்பிடைம் 31-02-2024 போன்ற இல்லாத நாளுக்கு வேல்யூஎரர் எழுப்பும். எந்த மாதத்துக்கு எத்தனை நாள், லீப் ஆண்டா என்றெல்லாம் நீங்கள் இஃப் அடுக்க வேண்டியதில்லை.

சில பழைய பாடங்களில் இன்புட்டைச் சுற்றி இவால் போட்டிருப்பார்கள், எண்ணோ பட்டியலோ எதைத் தட்டினாலும் தானாக மாறிவிடும் என்று. பைத்தான் 2-இல் இன்புட்டே அப்படித்தான் வேலை செய்தது. 2008-இல் வந்த பைத்தான் 3 அதை மாற்றி, ரா_இன்புட் செய்துவந்ததை இன்புட்டின் வேலையாக்கியது. இவால் தட்டியதை எண்ணாக மட்டும் படிக்காது, பைத்தான் கட்டளையாகவே ஓட்டும். கோப்புகளை அழிக்கும் கட்டளையைத் தட்டினால் அதையும் ஓட்டும். பயனர் தட்டியதன்மேல் இவாலை ஒருபோதும் வைக்காதீர்கள்.

சி, சி++ படிப்பவர்களும் இதே கேள்வியோடு வருவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால், சி-யில் உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் அதைப் படிக்க மாட்டாமல் உள்ளீட்டு பஃபரிலேயே விட்டுவிடும். லூப் மறுபடி சுற்றிவரும்போது அதே எழுத்து அங்கேயே இருக்கும், மறுபடி தோற்கும், திரை முழுக்கப் பிழைச்செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். சி++-இல் உள்ளீட்டைப் படிக்கும் சின் தோல்வி நிலைக்குப் போய்விடும். கிளியர் செய்து, மீதி வரியை இக்னோர் செய்தால்தான் அடுத்ததைப் படிக்கும். இரண்டுக்கும் நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: வரி முழுவதையும் முதலில் ஸ்ட்ரிங்காகப் படியுங்கள், பிறகு மாற்றுங்கள். சி-யில் எஃப்கெட்ஸும் எஸ்டிஆர்டூஎல்லும், சி++-இல் கெட்லைன். உரையை எண்ணாக்கும் சி-யின் ஏடூஐ வேண்டாம், எழுத்தைத் தட்டினாலும் 0 என்றே தரும், உண்மையான 0-வோடு வித்தியாசம் தெரியாது.

சி-யில் ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸ் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காமல் வந்ததையெல்லாம் நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும் ஃபங்ஷன் அது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு (தானாகவே கணினிகளுக்குப் பரவும் புரோகிராம்), பயனர்களைப் பற்றிய விவரம் தரும் ஃபிங்கர் சேவை கெட்ஸ் மூலம் உள்ளீட்டைப் படித்ததை ஒரு நுழைவழியாகப் பயன்படுத்தியது. 2011-ஆம் ஆண்டுத் தரமான சி11 கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. நீளத்தைச் சரிபார்க்காத ஒரே ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மறுபடி பைத்தானுக்கு. உள்ளீடே வராமல் முடிந்துபோவதும் ஒரு நிலைதான். லினக்ஸில் காண்ட்ரோல் டி, விண்டோஸில் காண்ட்ரோல் இசட் அழுத்தி என்டர் தட்டினால் இன்புட் இஓஎஃப்எரர் எழுப்பும். கோப்பிலிருந்து உள்ளீடு கொடுக்கும்போது வரிகள் தீர்ந்துபோனாலும் இதுவே வரும். உள்ளீட்டை முன்கூட்டியே ஒரு பெட்டியில் கேட்கும் ஆன்லைன் கம்பைலர்களில் வரிகள் போதாமல் இந்தப் பிழை அடிக்கடி தலைகாட்டும். வரிகள் தீர்ந்துபோன இடத்தில் மறுபடி கேட்பதில் பயனில்லை, கேட்டால் அதே பிழைதான் வரும். இன்புட்டையும் ட்ரைக்குள் சேர்த்து எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்று பிடித்திருந்தால் முடிவில்லாமல் சுற்றும். இஓஎஃப்எரரை ஃபங்ஷனுக்குள் பிடிக்காமல் விட்டு, புரோகிராமின் மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் பிடித்து, ‘உள்ளீடு முடிந்தது’ என்று சொல்லி வெளியேறுவது போதும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் இவற்றைத் தட்டிப் பாருங்கள்: வெறும் என்டர், நான்கு இடைவெளி, -5, 0, 25.0, ௨௫, எல்லையின் இரு முனைகள், அவற்றுக்கு ஒன்று வெளியே உள்ள எண்கள், ஒரு தமிழ்ப் பெயர், காண்ட்ரோல் சி. இவற்றில் 1_000 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் 3.6 முதல் இன்ட் அடிக்கோட்டை ஏற்று அதை 1000 என்று படிக்கும். வயதுக்கு அது மேல்எல்லையில் நின்றுவிடும். வங்கி இருப்பு கேட்கும் புரோகிராமில் அதை ஏற்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன், ஏற்ற தொகையை அடுத்த வரியில் அச்சிட்டு ‘இது சரியா?’ என்று கேட்டுவிடுவேன்.